சுற்றி வரவும்

பார்க்கிங்கோடு வாடகை வீடு வேண்டும் என்று கேட்டால் திண்டுக்கல் புரோக்கர்கள் முதலில் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். பிறகு வாடகையைச் சொல்வார்கள். அதற்கப்புறம் நம்மால் சிரிக்க முடியாது.

தேன்மொழி இரண்டு மாதமாக அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சலித்துப் போயிருந்தாள். சொந்தமாக நிறுத்த இடம் இல்லாத வண்டி தெருவில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று சட்டம் வந்து நாலு வருடம் ஆகிறது. வண்டிகள் தாமாகவே ஓடக் கற்றுக்கொண்ட பிறகு வந்த சட்டம் அது. ஓடத்தான் தெரிகிறதே, ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. மலைக்கோட்டையைச் சுற்றி ஒரு தடம் போட்டு, இடமில்லாத வண்டிகளை எல்லாம் அதில் விட்டுவிட்டார்கள். ஊர் அதற்குச் ‘சுத்து’ என்று பெயர் வைத்தது. கண்ணாடி ஏற்றிய காலி வண்டிகள் நாள் முழுக்க மலையை வலம் வருவதைப் பார்த்து, புண்ணியமெல்லாம் இப்போது வண்டிகளுக்குத்தான் என்று டீக்கடைகளில் கேலி பேசினார்கள்.

இன்றைக்குச் சுத்தில் கூட்டம் கொஞ்சம் அதிகமாக இருந்ததைத் தேன்மொழி வரும்போதே கவனித்திருந்தாள். ஏன் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

“எத்தன பேரு இருப்பீங்க?” என்று கேட்டார் வீட்டுக்காரர் சடையப்பன். அவர் குடியிருப்பது கீழ்த்தளம். வாடகைக்கு விடுவது முதல் மாடி. நெற்றியில் திருநீறு, கையில் போன், பேச்சில் பழுதில்லாத மரியாதை.

“நானும் அவரும்தாங்க. அவருக்கு ஓசூர்ல கம்பெனி வேல. மாசம் ரெண்டு தடவ வருவாரு. நான் இங்க கண் ஆஸ்பத்திரில இருக்கேன்.”

“பெரியவங்க யாராச்சும்?”

“இல்லைங்க.”

அந்த ‘இல்லைங்க’ அந்த நேரத்தில் அவளுடைய காரின் பின் இருக்கையில், மடியில் போர்வையும் கையில் சுக்குக்காப்பி பிளாஸ்க்குமாக மலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. அழகர்சாமி, அவளுடைய அப்பா. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். நெஞ்சில் இரண்டு முறை ஆபரேஷன் கத்தி பட்டவர். படி ஏறக் கூடாது, தனியாக விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது குடியிருக்கும் வீட்டு வாசலில் ஒரு நாள் ஆம்புலன்ஸ் வந்து நின்றதைப் பார்த்துத்தான் அந்த வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்தாக வேண்டும். அதன்பின் பார்த்த நாலு வீட்டிலும் அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே, “சொல்லி அனுப்புறோம்மா” என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

யோசனையைச் சொன்னதே அப்பாதான். “நீ உள்ள போயி வீட்டப் பிடி தேனு. நான் வண்டில ரெண்டு சுத்து சுத்திட்டு இருக்கேன். குடி வந்து ஒரு வாரம் ஆனதும் விருந்தாளி மாதிரி வந்து ஒட்டிக்கிறேன்” என்று சிரித்தார். “நான் ஓட்டாத வண்டியா? இதுல என்னான்னா ஸ்டியரிங்கும் இல்ல, ஹாரனும் இல்ல. ஜமீன்தார் மாதிரி போயிட்டு வர வேண்டியதுதான்.” அவர் சிரித்ததுதான் அவளுக்கு மிகவும் வலித்தது. பெற்றவரைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்து வைத்துவிட்டு வீடு பார்க்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார் சடையப்பன், அவள் கேட்காமலேயே. “ரெண்டு வருசம் முன்னால இதே மாடில குடியிருந்தவரோட தாயாரு அவிட்டத்துல தவறிட்டாங்க. வீடு அடைப்பு. ஆறு மாசம் வீட்டப் பூட்டிப் போட்டேன். தெறந்த பெறகும் எவனும் எட்டிப் பாக்கல. காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்குற புரொபசர் ஒருத்தர் வந்தாரு. எல்லாம் பிடிச்சிருக்குன்னாரு. கடைசில வாசப்படில நின்னுக்கிட்டு, அவிட்டத்துல முன்பாதியா பின்பாதியான்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. நான் என்னத்தச் சொல்ல!”

தேன்மொழி பேருக்குச் சிரித்தாள். அவிட்டத்தின் பின்பாதி, சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி. இந்த நாட்களில் சாவு விழுந்தால் வீட்டை அடைத்துப் போட வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். நிலாவுக்கு ராக்கெட் விடுகிற காலத்திலும் அந்த நிலா எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்று பார்த்துத்தான் வீட்டைப் பூட்டுகிறார்கள்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. மாடிக்கு லிஃப்ட் இருந்தது. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் மலை முழுசாகத் தெரிந்தது. பின்னறையில் மட்டும் பினாயில் வாசனை தூக்கலாக அடித்தது. சுவரில், கட்டில் கிடந்த உயரத்தில், தலை சாய்ந்து சாய்ந்து படிந்த எண்ணெய்க்கறை. கதவுக்குப் பின்னால் மடக்கி வைத்த சக்கர நாற்காலி ஒன்று.

“ஸ்டோர் ரூமா வச்சிருந்தோம்” என்றார் சடையப்பன். “எங்கம்மா பழனில இருக்காங்க, தங்கச்சி வீட்ல. வண்டியும் அங்கதான் நிக்குது. அதான் பார்க்கிங் சும்மா கெடக்கேன்னு உங்களுக்குத் தர்றேன்.”

வாடகைக்கு வருகிறவள் கறையைப் பற்றிக் கேட்கக் கூடாது. தேன்மொழி கேட்கவில்லை.

கீழே பார்க்கிங்கைக் காட்டினார். நாலு அடுக்கு இரும்புத் தட்டு. வண்டி கீழ்த்தட்டில் ஏறி நின்றால், அது தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்துவிடும். எந்த வண்டிக்கு இடம் உண்டு, எதற்கு இல்லை என்று வாசல் கேட் தானாகவே சொல்லிவிடும்.

“வண்டியக் கூப்பிடுங்க” என்றார் சடையப்பன். “தட்டுல அடங்குதான்னு பாத்துருவோம். அடங்கிட்டா இப்பவே இடத்த உங்க வண்டிக்கு மாத்திவிட்டுர்றேன். நல்ல நேரம் முடியப் போகுது.”

அவள் தெருவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அளவு சரியாத்தாங்க இருக்கும். நாளைக்கு வேணா...”

“நாளைக்கு வேற பார்ட்டி வர்றாங்கம்மா. ஒரு நிமிச வேலதான. உள்ள ஆள் யாரும் இல்லல்ல? ஆள் இருந்தா தட்டு ஏறாது. போன வருசம் எங்கயோ ஒரு கொழந்தையோட ஏறிருச்சாம். அதுலருந்து நெஞ்சு துடிக்கிறதக் கேக்குற மாதிரி வச்சிட்டான். பூன இருந்தாக் கூடக் காட்டிக் குடுத்துரும்.”

வண்டியைக் கூப்பிடுகிற சாக்கில் தேன்மொழி நாலடி தள்ளிப் போய் அப்பாவுக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். எடுங்கப்பா, எங்கேயாவது இறங்கிக்கொள்ளுங்கப்பா என்று மனசுக்குள் கெஞ்சினாள். சடையப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ‘வா’ என்ற பொத்தானை அமுக்கினாள்.

வண்டி வருவதற்குள் அவள் என்னென்ன பொய்யோ தயார் பண்ணினாள். பக்கத்து வீட்டுத் தாத்தா என்று சொல்லலாம். ஆஸ்பத்திரிக்கு இறக்கிவிட வந்தவர் என்று சொல்லலாம். அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதைச் சொல்ல நாக்கு வருமா என்று தெரியவில்லை. அதற்குள் வெள்ளைக் கார் திரும்பி வந்து, கேட்டைத் தாண்டி, தட்டில் ஏறி நின்றது.

கேட் பேசியது. பதமான பெண் குரல்.

“உள்ளே ஆள் இல்லை. தட்டை உயர்த்தலாமா?”

சடையப்பன், “உயர்த்து” என்றார். தட்டு ஏறி இறங்கியது. அவர் முகம் மலர்ந்து போனைத் தட்டினார். “மாத்தியாச்சும்மா. இனிமே இது உங்க இடம். அட்வான்ஸ நாளைக்கிக் குடுத்தாப் போதும்.”

ஆள் இல்லை என்றால் இரண்டு அர்த்தம்தான். ஒன்று, அப்பா வண்டியில் இல்லை. இன்னொன்றை அவள் நினைக்க விரும்பவில்லை. கதவைத் திறந்தாள். இருக்கை காலி. பிளாஸ்க் இருந்தது. போன் இருக்கை இடுக்கில் கிடந்தது. போர்வையைக் காணோம்.

நன்றி சொன்னாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. வண்டி தெருவுக்கு வந்ததும், “எங்க கதவத் தொறந்த?” என்று அதனிடம் கத்தினாள்.

“சுற்றுப்பாதை சார்ஜிங் பாயிண்டில் கதவு திறந்தது” என்றது வண்டி, எதுவுமே நடக்காத மாதிரி.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சார்ஜிங் பாயிண்டில் ஏழெட்டு வண்டிகள் வரிசையில் நின்றன. தேன்மொழி இறங்கி ஓடினாள். அப்பா இல்லை. யாரையாவது கேட்கலாம் என்று பார்த்தால் ஆளே இல்லை, எல்லாம் காலி வண்டிகள். ஒரு வண்டியின் கறுப்புக் கண்ணாடியில் கையை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

உள்ளே ஒரு முகம் அவளைப் பார்த்தது.

அவள் பதறிப் பின்வாங்கினாள். அடுத்த வண்டியில் போர்த்திப் படுத்திருந்த ஒரு மூதாட்டி. அதற்கடுத்ததில் மூக்கில் குழாயோடு ஒருவர். கண்ணாடி மெல்ல இறங்கியது, முதல் வண்டியில். எழுபதைத் தாண்டிய ஒருவர், மடியில் தயிர்சாதப் பொட்டலத்தோடு.

“யாரைம்மா தேடுற?”

“எங்கப்பா... சட்டை நீலக் கலர்...”

“டிரைவரா? நீ அவரு மகளா? ரெண்டு ரவுண்டு எங்களோட பேசிட்டு வந்தாரே! கரும்பச்ச வண்டில ஏறிப் போனாரும்மா. அதுல ஒரு அம்மாவுக்கு மூச்சு இழுத்துச்சு. தனியா விடக் கூடாதுன்னு போர்வையத் தூக்கிட்டுப் போயி ஏறிட்டாரு.”

“நீங்கள்லாம் எதுக்குங்க வண்டில...?”

பெரியவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். இது தெரியாமலா அப்பாவைச் சுத்தில் விட்டாய் என்று கேட்பது போல இருந்தது.

“இன்னைக்கிச் சதயம்லம்மா. நேத்து அவிட்டத்துல ஏத்திவிட்டாங்க. ரேவதி முடிஞ்சாத்தான் வீடு. மாசத்துல ஒரு அஞ்சு நாள். எங்கள மாதிரி நாள் குறிச்ச கேசுக்கெல்லாம் இதான் ஏற்பாடு. இதுல போயிட்டா எந்த வீட்லயும் சாவு விழுகலைன்னு அர்த்தம். வீடு தப்பிச்சிரும்.”

“பிள்ளைங்களே அனுப்புறாங்களா?”

“கொடுமக்காரங்க இல்லம்மா. மூணு வேளையும் சாப்பாடு வச்சு விட்டுருக்கான். ஏசி இருக்கு. மருமக வெந்நீர் பாட்டில்கூட வச்சிருக்கா.” அவர் வண்டியின் முன்பக்கம் பச்சையாக மின்னிய ஒரு பொத்தானைக் காட்டினார். “அந்தா, ‘வீடு’ன்னு போட்டுருக்கு பாரு. அத எந்த வண்டிலயும் பூட்ட முடியாது, சட்டம். அமுக்குனா நேரா வீட்டுக்குப் போயிரும். ஆனா யாரு அமுக்குவா? வாடகைக்கு இருக்குறவன் வீடு அடைபட்டா, அவன் பிள்ளகுட்டியோட எங்கிட்டுப் போவான்?”

தேன்மொழி வெளியிலிருந்து பார்த்து இத்தனை நாள் காலி வண்டி என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறாள். டீக்கடையில் கேலி பேசியவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்திருக்கிறாள்.

கரும்பச்சை வண்டியை அவளுடைய வண்டி மலையின் வடக்குப் பக்கத்தில் எட்டிப் பிடித்தது. பக்கத்தில் ஓட்டி, ஜன்னலைத் திறந்து, “அப்பா! அப்பா!” என்று கூப்பிட்டாள். அப்பாவின் முகம் தெரிந்தது. அவர் ஏதோ அமுக்கினார். இரண்டு வண்டியும் ஓரம் கட்டின. பத்து நிமிடம் நிற்கலாம்.

அவள் கதவைத் திறந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். “என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க! எனக்கு உயிரே போயிருச்சு!”

“சத்தம் போடாத தேனு” என்றார் அழகர்சாமி. “இந்தம்மா இப்பத்தான் அடங்குனாங்க.”

பக்கத்தில் அவருடைய போர்வைக்குள் ஒரு மூதாட்டி தலை சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணை அவரே மூடிவிட்டிருந்தார். அவள் கை இன்னும் அவர் கைக்குள் இருந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம் தாயின்னேன். அங்கருந்துதான் வீட்டுக்கு அனுப்புனாங்கன்னுச்சு. வீட்டுக்காவது போலாம்னு பொத்தான்ல கைய வச்சேன். என் கையப் பிடிச்சிருச்சு. ‘அமுக்காதீங்க தம்பி, அவன் பொழப்பு கெட்டுரும், ஏற்கெனவே ஒருக்க அடைச்சு நொந்து போயிருக்கான்’னு. பிடிச்ச கைய விடவே இல்ல.” அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ஆனா கடேசி வரைக்கும் வீட்டப் பத்தித்தான் பேச்சு. அடுப்படி ஜன்னல்ல மல முழுசாத் தெரியுமாம். படுத்த எடத்துல சுவரு ஜில்லுன்னு இருக்குமாம். பேரு பொன்னுத்தாயி. மகன் பேரு சடையப்பனாம்.”

தேன்மொழி அப்படியே வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய்க்கறை, பினாயில் வாசனை, மடக்கிய நாற்காலி, பழனியில் இருக்கும் அம்மா. அவளுக்குச் சொந்தமான அந்த இரும்புத் தட்டு யாருடைய இடம் என்று இப்போது புரிந்தது.

விஷயத்தை அப்பாவிடம் சொன்னாள். அவர் மூதாட்டியின் கையை அவள் மடியில் எடுத்து வைத்தார்.

“பொத்தான அமுக்குனா உனக்கு அந்த வீடு போயிரும். அமுக்காம விட்டா இந்தம்மா மூணு நாளைக்கு மலையச் சுத்தும், ஒக்காந்தமேனிக்கே. அமுக்க வேண்டாம்னுதான் இந்தம்மாவும் சொல்லிச்சு. எனக்குச் சொல்லத் தெரியல தேனு. நீயே முடிவு பண்ணு.”

அவள் தன் வண்டியைச் சுத்துக்கு அனுப்பிவிட்டு, கரும்பச்சை வண்டியில் ஏறிப் பொத்தானை அமுக்கினாள். வண்டி திரும்பியது.

இரண்டு தெரு தாண்டுவதற்குள் முன்பக்கத் திரையில் சடையப்பனின் குரல் வந்தது. “யாரது? யாரு என் வண்டியத் திருப்புனது?”

“நான்தாங்க. வீடு பாக்க வந்த தேன்மொழி. உங்கம்மா தவறிட்டாங்க. எங்கப்பாதான் கடேசில பக்கத்துல இருந்தாரு.”

சடையப்பன் கேட்டார். “எத்தன மணிக்கு?”

எப்படி என்று அவர் கேட்கவில்லை. தேன்மொழிக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் அவர் விம்முவதும் கேட்டது. இரண்டும் ஒரே தொண்டையிலிருந்துதான் வந்தன.

“சதயம் பொறந்துருச்சும்மா... இன்னும் மூணு நாளுதான். ரேவதி போகட்டும். வண்டிய மறுபடி சுத்துல விட்டுருங்க, உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். வீடு உங்களுக்குத்தான். அட்வான்சே வேண்டாம். உங்கப்பாவும் தாராளமா வந்து இருக்கட்டும். நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்.”

அவளுக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு மாதமாக அவள் தேடியது இதைத்தான். லிஃப்ட் உள்ள வீடு, பார்க்கிங், அப்பாவை ஒளிக்க வேண்டாத ஒரு கூரை. விரல் ‘சுத்து’ என்ற பொத்தான் வரைக்கும் போய்விட்டது. அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எது செய்தாலும் குறை சொல்ல மாட்டார் என்பது அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

சதயம் மாதாமாதம் வரும். அடுத்த மாதம் சடையப்பன் இதே மரியாதையோடு மாடிப்படியில் வந்து நிற்பார், அஞ்சு நாளைக்கு அப்பாவைக் கொஞ்சம் என்பார். அவள் என்ன சொல்வாள்? இன்றைக்கு ‘இல்லைங்க’ என்று சொன்ன வாய்தானே இது? வெந்நீர் பாட்டிலும் தயிர்சாதமும் வைத்து அவளே ஏற்றி விடுவாள். விருந்தாளி மாதிரி அவரும் சிரித்துக்கொண்டே ஏறிக்கொள்வார்.

தேன்மொழி விரலை எடுத்துவிட்டு இணைப்பைத் துண்டித்தாள்.

சடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டியபடி கேட் முன்னால் நின்றிருந்தார். கைகளை விரித்து வண்டியை மறிக்கப் போனார். அவருக்கு முன்னால் கேட்டே மறித்தது.

“இந்த வண்டிக்கு இங்கு இடம் இல்லை. சுற்றி வரவும்.”

அவர்தான் சாயங்காலம் இடத்தை மாற்றிக் கொடுத்திருந்தாரே. கேட் அதை மறக்கவில்லை. பொன்னுத்தாயி தன் வீட்டு வாசலில் இடமில்லாமல் நின்றாள். விரித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் மகனும் நின்றார்.

தேன்மொழி இறங்கிப் போனை எடுத்தாள். வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டாள். “என் இடத்த இந்த வண்டிக்கே திருப்பிக் குடுக்குறேன்” என்றாள்.

“இடம் இருக்கிறது. வரலாம்.”

கேட் திறந்தது. அழகர்சாமி மெல்ல இறங்கி, பொன்னுத்தாயியின் போர்வையைச் சரிசெய்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வண்டி பழக்கப்பட்ட இடத்துக்குத் தானாக உருண்டு போய்த் தட்டில் ஏறி நின்றது. ஒரு கணம், நெஞ்சுத் துடிப்பைத் தேடிக் கேட்பது போல, எல்லாம் அமைதியாக இருந்தது.

“உள்ளே ஆள் இல்லை. தட்டை உயர்த்தலாமா?”

சடையப்பன் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினார். “இருக்காங்க! ஏத்தாத! எங்கம்மா உள்ள இருக்காங்க!”

கதவைத் திறக்க அவர் ஓடினார். கேட் தன் பதமான குரலில் அதே கேள்வியை மறுபடியும் கேட்டது.